சட்டம் விட்டுவிட்ட வண்டி

ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு
இனிச் சோதனை வேண்டாம் என்று
ஸ்டாக்ஹோமில் யாரோ கையெழுத்திட்டுச் சில வருடமாகிறது.
கூன்வோர் ஷோதீனுக்கு அது தெரியும்.
தெரிந்தும் வந்திருக்கிறாள்
மே மாதம், இரண்டாம் செவ்வாய், காலை ஏழு மணிக்கு,
சாலையின் உப்பை மழை கழுவிப் போனபின்.

சத்தம்தான் முதலில் வந்தது,
மூடிய சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி.
பின்னால் நீலப் புகை.
அறுபத்தைந்து மாடல் சாப். வெளிறிய பச்சை.
எண்ணெய் கலந்து ஊற்றினால்தான் பெட்ரோல் குடிக்கும்.

முப்பத்தொரு மே மாதங்கள்
இதன் வயிற்றுக்கடியில் நின்றிருக்கிறேன்.
தொண்ணூற்று நாலில் இடது பின் பிரேக்.
இரண்டாயிரத்து மூன்றில் தரைத் தகட்டில் ஓட்டை:
கீழிருந்து அடித்த என் டார்ச் வெளிச்சம்
அவள் செருப்பில் விழுந்தது.
மூன்று வாரத்தில் திரும்பி வந்தாள்,
வெல்டிங் கற்றுக்கொண்டு,
ஒரு புருவம் கருகி.

அறுபத்தேழில் ஒரே இரவில் நாடு முழுக்க
இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் மாறிய விடியலில்
இதைத்தான் ஓட்டினாளாம்.
விவாகரத்தில் எவெர்ட்
வீட்டை எடுத்தான், படகை எடுத்தான், நாயையும்.
உனக்கு என்ன என்று கேட்டார்கள்.
சாவியை மேஜைமேல் வைத்தாள்.
நாய் விஷயத்தில் மட்டும் இன்னும் கோபம்.

மீட்டர் நான்கு முறை பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கிறது.
ஒவ்வொரு முறையும் ஓரமாக நிறுத்திக்
காபி குடித்துவிட்டுத்தான்
அடுத்த கிலோமீட்டர்.

"கூன்வோர், இதற்குப் படிவமே கிடையாது.
கணினி இந்த எண்ணை ஏற்காது."
"படிவம் கேட்டேனா? சுத்தியலை எடு."

எடுத்தேன். தட்டிக்கொண்டே போனேன்.
ணங். ணங். ணங்.
பொத்.

வலது கதவுக்குக் கீழே
நனைந்த ரொட்டியில் போல முனை இறங்கியது.
முன்பென்றால் எழுதியிருப்பேன்:
தேறவில்லை, நான்கு வாரத்தில் மறுசோதனை.
இப்போது எழுத இடமில்லை,
வாயால் சொல்ல வேண்டியிருந்தது.
முப்பத்தொரு வருடத்தில்
அதற்கு எனக்குப் பழக்கமே வரவில்லை.

எண்பத்திரண்டு வயது அவளுக்கு.
பள்ளத்தின் ஆறு படியிலும்
பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினாள்.
கையுறையைக் கழற்றி,
விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல்
ஓட்டைக்குள் விரல் விட்டாள்.

"இவ்வளவுதானா?
அப்படியென்றால் செப்டம்பர்வரை வேலை இருக்கிறது."

சாக்பீஸால் சுற்றி வட்டம் போட்டேன்.
அதைப் பிடுங்கி
வட்டத்தைப் பெரிதாக்கினாள்.

பணம் வாங்கினால் ரசீது தர வேண்டும்.
மெழுகுத் தாளில் மூன்று பட்டை ரொட்டி வாங்கிக்கொண்டேன்.

வாசலுக்கு வெளியே சாலை
உமே ஆற்றை நோக்கிச் சரிகிறது.
அங்கே எப்போதும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுப்பாள்.
எடுத்தால் போதும்,
இந்த வண்டியில் சக்கரங்கள் எஞ்சினை மறந்துவிடும்.
பொரிச் சத்தம் முனகலாகும்.
அப்படியே
பாலம்வரை
யாரும் தள்ளாமல்.

வரிசையில் அடுத்து மூன்று வயது மின்சார வண்டி.
ஹாரன் அடித்தது. மறுபடியும்.
கொட்டகைக்குள் நீலப் புகை கலையவில்லை.
பின்கதவைத் திறந்துவிடு என்று
ஹென்ரிக்கிடம் சொல்லியிருக்கலாம்.
கை கழுவப் போனேன்.