முறைத் தண்ணீர்

சோஸ்பெல் இறந்த மூன்றாம் நாள்
அவன் மனைவி குன்சஸ் வந்தாள்,
ஓர் உருண்டை வெண்ணெயும் சோதிடர் எழுதிய சீட்டுமாக.
சீட்டில் ஒரே பெயர்: அட்சோப்யர்.
அசைக்க முடியாதவர்.
நாற்பத்தொன்பது நாளுக்குள் வரைந்து மாட்டினால்
போனவன் வழி தவறமாட்டானாம்.

அவளுக்குத் தெரியும்.
போன கோடையில் என் முறைத் தண்ணீரை
நடு இரவில் மடை திருப்பியவன் அவன்.
முழங்கால் உயரத்தில் கருகியது என் பார்லி.
தெரிந்துதான் வந்தாள்.
லேயிலிருந்து வேறு ஓவியன் வரவேண்டுமென்றால்
கணவாயில் பனி விட வேண்டும்.

துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினேன்.
பசை உறையாமலிருக்க அடுப்போரம் வைத்து
சுண்ணம் கலந்து பூசி, சங்கால் தேய்த்தேன்.
கரி தோய்ந்த நூலைச் சுண்டினால் நடுக்கோடு.
பிறகு குறுக்குக் கோடுகள்.
முகத்துக்குப் பன்னிரண்டு விரல்.
தோள், தொப்புள், மடித்த முழங்கால்
எல்லாம் நான் பிறக்குமுன்பே தீர்மானமானவை.
என் ஆத்திரத்துக்கு எத்தனை விரல் என்று
எந்த அளவிலும் இல்லை.

நீலக்கல்லை ஓங்கி அரைத்தால்
வெளுத்துப்போகும்.
முதல் நாள் அரைத்தது வெறும் சாம்பல்.
கொட்டிவிட்டு மறுபடி,
தூங்குகிறவன் மூச்சுப்போலக் கையைச் சுற்றினேன்.

வலக்கை விரல்நுனி மண்ணைத் தொட வேண்டும்.
இடக்கையில் வச்சிரம்.
ஆசனத்தைத் தாங்க இரண்டு யானை.
நான் யானை பார்த்ததில்லை;
என் தும்பிக்கைகள் எப்போதும்
கொஞ்சம் யாக் வால்தான்.

சினம் இவரிடம் வந்தால் கண்ணாடியாகிவிடும் என்பார்கள்.
இவருக்குரிய பூதம் நீர் என்பார்கள்.
நீர்!
தூரிகையை உதட்டில் கூராக்கியபடி
சிரித்துவிட்டேன்.

அளவுக்குள் அடங்காதது கீழ்மூலை மட்டும்.
மலை, மேகம், மான், அங்கே என் இஷ்டம்.
நாற்பதாம் நாள் இரவு
அங்கே ஒரு வாய்க்கால் வரைந்தேன்.
பனியாற்றிலிருந்து இறங்கி
கூழாங்கல் கூழாங்கல்லாகத் தாண்டி
இரண்டாகப் பிரியும் இடம் வரை.
மடைக்கல்லை எந்தப் பக்கம் வைப்பது?
விளக்கில் நெய் தீரும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நாற்பத்தெட்டாம் நாள் கண் திறந்தேன்,
ஒற்றை மயிர்த் தூரிகையால், ஒரே மூச்சில்.

குன்சஸ் அந்த நீல முகத்தைப் பார்க்கவில்லை.
குனிந்து மூலையையே பார்த்தாள், வெகுநேரம்.
"கல்லே இல்லையே" என்றாள்.

கூலியைச் சொன்னேன்.
ஒரு ரூபாய் குறைக்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.