முப்பத்தொன்று புள்ளி ஐந்து

உலான்பாத்தரில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்து நாலு.
குன்றுச் சரிவெங்கும் கூடார வீடுகள்
நிலக்கரி எரித்து இரவைக் கடக்கின்றன.
அந்தப் புகையில் பாதி
இங்கே, மூன்றாம் மாடியில்,
சின்னஞ்சிறு நெஞ்சுகளுக்குள் வந்து படுத்திருக்கிறது.

துல்கூன் இரண்டாம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர்.
இருபது மணி நேரமாக விழித்திருக்கிறாள்.
காலுறையில் ஓட்டை. பையில் பாதி தின்ற ரொட்டி.
இதுவரை கற்றது:
ரத்தக்குழாய் தட்டுப்படாவிட்டால்
பிஞ்சு உள்ளங்கைக்கு அடியில் கைவிளக்கைப் பிடி.
ஸ்டெதஸ்கோப்பை முதலில் உன் கழுத்தில் சூடாக்கு.
அழுகிற குழந்தை கொஞ்சம் பொறுக்கும்,
அழாததிடம் ஓடு.

ஏழாம் கட்டிலுக்கு மாலையில்தான் ஆள் வந்தது.
மூன்று மாதம். நாலு கிலோ இருநூறு கிராம்.
மூச்சுக்கு மூச்சு விலா நடுவே பள்ளம்.
பெயரைக் கேட்டதற்குத் தாய்
யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல் சொன்னாள்:
எனெபிஷ்.
அவர்கள் பேச்சில், 'இது அல்ல'.
முன்னே இரண்டைப் பறிகொடுத்தவள்.
தேடி வருவது வாசலில் நின்று விசாரித்தால்
'இது அல்ல' என்ற பதிலோடு திரும்பட்டுமென்று
அவள் கணவன் வைத்த பெயராம்.
குப்பையென்றும் பிச்சையென்றும் கூப்பிட்டு
நாம் ஏய்த்த அதே ஆளைத்தான்
அவர்கள் அங்கே ஏய்க்கிறார்கள்.

விடிகாலை நாலு மணி.
ஜென்டாமைசின் எழுத வேண்டும்.
கிலோவுக்கு ஏழரை. பெருக்கினாள்,
சரியாகத்தான் பெருக்கினாள்.
எழுதும்போது பேனா மட்டும்
ஒரு கணம் தூங்கிவிட்டது.

செவிலி டெல்கெர்மா சீட்டோடு விளக்கடியில் நின்றாள்.
ஒரு குப்பி எடுத்தாள். இரண்டு. மூன்று.
நாலாவதைத் தொட்ட கை பின்வாங்கியது.
"எனெ பிஷ்."
"ஆமாம், எனெபிஷ்தான், ஏழாம் கட்டில்"
என்றாள் துல்கூன், நிமிராமல்.
"எனெ. பிஷ்."
இந்த முறை நடுவில் ஓர் இடைவெளி இருந்தது.
அதற்குள் விழுந்துதான் அவள் விழித்தாள்.

சீட்டில் முந்நூற்றுப் பதினைந்து.

மெய்யெழுத்தின் உச்சியில் புள்ளி வைத்தால்
உயிர் விலகும் என்று படித்தவர்கள் நாம்.
இங்கே, வைக்காமல் விட்டால்.

யாரும் கத்தவில்லை.
மூன்று குப்பிகள் பெட்டிக்குத் திரும்பின,
ஒன்றோடொன்று லேசாக இடித்துக்கொண்டு.
ஊசிக்குள் ஏறியது அரைக் குப்பிகூட இல்லை.
துல்கூன் புதுச் சீட்டு எழுதினாள்.
புள்ளியின்மேல் இன்னொரு புள்ளி,
அதன்மேல் இன்னொன்று.

எட்டு மணிக் கூட்டத்தில் அவளாகவே எழுந்தாள்.
சொன்னாள். எண் வந்த இடத்தில் குரல் மாட்டிக்கொண்டது.
ஹீட்டர் மட்டும் முனகியது சற்று நேரம்.
பிறகு அங்க்பாயர், தரையைப் பார்த்தபடி:
"எனக்கு நவம்பரில். பொட்டாசியம்."
பிறகு கடைசி வரிசையில் ஒருத்தி.
பிறகு ஜன்னலோரம் நின்ற பேராசிரியர்
ஓர் ஆண்டை மட்டும் சொன்னார்.
மருந்தைச் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.

தாயிடம் சொல்வதுதான் மிச்சம்.
கட்டில் கம்பிகளுக்கிடையே கைவிட்டு
குழந்தையின் குதிகாலைப் பிடித்தபடி இருந்தாள்.
ஒன்றும் மறைக்காமல் சொன்னாள் துல்கூன்.
திட்டுவாள் என்று நின்றாள்.
அடித்தாலும் சரி என்று நின்றாள்.
அவள் நெடுநேரம் கழித்து, யாரையும் பாராமல்,
"அப்போ பேர் வேலை செய்யுது" என்றாள்.
மன்னித்தாளா என்பது தெரியவில்லை.
பிளாஸ்கிலிருந்து உப்புத் தேநீர் ஊற்றி
அவளே குடித்தாள்.

வீட்டுக்குப் போகும் நேரம்.
படியில் யாரோ ஒரு மூட்டையோடு ஏறி வருகிறார்கள்,
மூட்டை இருமுகிறது.
துல்கூன் அட்டையில் அடுத்த தாளைப் புரட்டினாள்.
ஒன்றும் எழுதாத வெள்ளையில்
ஏற்கெனவே ஒரு புள்ளி குழிந்திருந்தது.
கோட்டை மறுபடி மாட்டிக்கொண்டு
பெயர் என்ன என்று கேட்டாள்.