கழிவு

மார்ச் இருபத்தெட்டு.
முதுநகரில் என் மாடிப்படி ஏறுகிற
எல்லாச் செருப்புக்கும் ஒரே கேள்விதான்:
இன்னும் எதையாவது கழிக்க முடியுமா, மேடம்?

எல்.ஐ.சி., வாடகை ரசீது,
பிள்ளையின் கல்லூரிக் கட்டணம்,
மை மங்கிய மருந்துச் சீட்டு.
கழித்துத் தருகிறேன். அதுதான் பிழைப்பு.
ஆறே மாதத்தில் கிளிப்புகள் துருவேறி
தாளில் செம்மண் நிறத்தில் பல் பதிக்கும்.
உப்புக் காற்று என்பார்கள்.
உப்பு மட்டும்தானா என்று
யாரையும் நான் கேட்டதில்லை.

கலியபெருமாள் வரும்போது மணி ஏழே முக்கால்.
சிப்காட்டில் முப்பத்தோரு வருஷ ஷிப்ட்.
மருமகன் இன்னும் உள்ளேதான், கான்ட்ராக்ட்டில்.
"நாப்பதாயிரம் குடுக்கலாம்னு இருக்கேன்.
எவ்ளோ தேறும்?"
நாலாய் மடித்த நோட்டீசை விரித்தார்.

ராத்திரி உப்பனாற்றங்கரையில் காத்திருந்து
காற்றைப் பையில் பிடிக்கிறவர்கள்.
தகவல் கேட்டு மனுப் போட்டு,
பதில் வராததற்கும் ஒரு மனுப் போட்டு,
தீர்ப்பாயத்தில் வாய்தா வாய்தாவாக நிற்கிறவர்கள்.
எதிர்மனுதாரர் வரிசையில்
நாலாவது பெயர் அவருடைய கம்பெனி.

நான் தொழில் பேசினேன்.
எண்பது ஜி பதிவு நடப்பில் இருக்கிறதா பாருங்கள்.
கட்சிக்கு என்றால் வேறு பிரிவு, இது அறக்கட்டளை.
ரொக்கம் வேண்டாம்,
இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் செல்லாது.
பான் எண் கேட்பார்கள், கொடுங்கள்.
மே மாதம் ஒரு சான்றிதழ் வரும்,
பத்து பி.இ., தொலைத்துவிடாதீர்கள்.
கொடுத்ததில் பாதிதான் கழிவு.

கழிவு என்றதும் சிரித்தார்.
"நாங்களும் அதத்தான் மேடம் சொல்லுவோம்.
மூணாவது ஷிப்ட்ல மழ புடிச்சா
மேலேருந்து போன் வரும்,
கழிவத் தொறந்து உட்ருன்னு.
ஆத்துத் தண்ணி பெருகி ஓடும்ல, தெரியாது."
வலக்கையை மேஜை மேல் வைத்து
ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்,
இல்லாத வால்வை.

அப்புறம்தான் கணக்கைத் தட்டினேன்.
வட்டி, பென்ஷன், கடை வாடகை,
மொத்தமும் ஒன்பது லட்சத்தைத் தொடவில்லை.
புதிய முறையில் வரியே கிடையாது.
பழைய முறைக்குப் போனால் நன்கொடைக்குக் கழிவு உண்டு,
கூடவே வரியும் உண்டு, அரை லட்சத்துக்கு மேல்.
"சார், கழிக்க உங்களிடம் வரி இல்லை.
கொடுத்தால் ஒரு பைசா திரும்பாது."

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"மருமகன் பெயரில் எதுவும் போகாது,
உங்கள் பெயரும் வேண்டாமென்றால்
சின்னத் தொகையாகக் கொடுங்கள்" என்றேன்.
அது ஆலோசனையா, பயமா,
எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

காற்று திசை மாறியது.
ஜன்னலைச் சாத்த எழுந்தேன்.
"அழுவுன முட்ட மாதிரி வந்தா
நீங்க மூட வேணாம்," என்றார், திரும்பாமலே.
"இது பழுத்த பலா வாசன.
இதுக்குத்தான் மூடணும்."

என் பேனாவையே வாங்கி
காசோலையில் எழுத்தால் எழுதினார்:
நாற்பதாயிரம் மட்டும்.
'மட்டும்' என்பதற்குக் கீழே
இரண்டு கோடு இழுத்தார்.
ஆலோசனைக் கட்டணம் ஐந்நூறு நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.

அலமாரியில் அவர் கோப்பைச் செருகும்போது
பக்கத்துக் கோப்பு விரலில் இடித்தது.
கருணாகரன் டிரான்ஸ்போர்ட்ஸ்.
அந்த நாலாவது பெயருக்கு
டேங்கர் லாரி விடுகிறவர்.
வேறு தட்டுக்கு மாற்றலாமா?
அகர வரிசை அது.
மாற்றினால் தேட முடியாது.

நாளை காலை பத்து மணிக்கு
கருணாகரன் வருகிறார்.
உட்காருவதற்கு முன்னமே கேட்பார்,
இன்னும் எதைக் கழிக்கலாம் என்று.