மாறிப்போன பெட்டி

சாங்கியில் என் வேலை
தொலைந்த பெட்டிகளைத் தேடுவது.
நிறம் என்ன, சக்கரம் இரண்டா நான்கா,
உள்ளே அடையாளம் சொல்லும்படி ஏதாவது உண்டா என்று
தூக்கம் கெட்டவர்களிடம் கேட்டுக் கேட்டுப்
படிவம் நிரப்புவேன்.

அதனால்தான் மரைக்கே
தன் கொள்ளுத்தாத்தாவின் கோப்பைத் திறந்தபோது
எழுத்து புரியாவிட்டாலும்
கட்டங்கள் புரிந்தன எனக்கு.

தெம்பனிஸ், பதினோராம் மாடி, இரவு ஒன்றரை.
பெர்லினிலிருந்து வந்த நாற்பத்தாறு படங்கள்.
மடிக்கணினிக்குப் பக்கத்தில்
மகள் மிச்சம் வைத்த மீ கோரெங்.

கோட்ஹில்ஃப் ஷைப்லே.
பெசராபியாவில் உழவர்.
நாற்பதாம் ஆண்டு இலையுதிர் காலத்தில்
டான்யூபில் கப்பலேறியவர்.
அந்தப் பழைய ஜெர்மன் கையெழுத்து
பிரிந்த தையல் மாதிரி ஓடுகிறது;
அவளே ஒரு சொல்லைக் ‘குதிரை’ என்று படித்து
பத்து நிமிடம் கழித்து
‘விதவை’ என்று திருத்துகிறாள்.

உயரம். தலையின் அகலம். கண்ணின் நிறம்.
தாயைப் பெற்றவர் யார், அவரைப் பெற்றவர் யார்.
கடைசியில் ‘ஓ’ என்று ஒற்றை எழுத்து:
கிழக்கில் குடியமர்த்தத் தக்கவர்.
முட்டைக்குத் தரம் குத்துவதுபோல.

மகள் பிறந்தபோது
இனம் என்ற கட்டத்தில்
நடுவே ஒரு கோடிட்டு நாங்கள் இரண்டு சொல் எழுதினோம்.
முகப்பில் இருந்த பெண் சிரித்தாள்.
இடம் போதாமல் சொல் வெளியே வழிந்தது.

“உன் பக்கம்?” என்றாள் மரைக்கே.
என் பக்கம் கோப்பு இல்லை.
அப்பாவின் பெரியப்பா மருதையன்,
செலேத்தாரில் பெயின்ட் அடித்தவர்,
சயாமுக்கு ரயில் ஏறினார்.
வாக்கியம் அங்கேயே முடிகிறது.
யாரும் அவர் உயரத்தை அளக்கவில்லை.
ஒரு நொடி,
கோட்ஹில்ஃபின் நூற்று எழுபத்தொரு சென்டிமீட்டர் மேல்
எனக்குப் பொறாமை வந்தது.
அளந்த கோல் யாருடையது என்று உறைத்ததும்
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

முப்பத்தொன்பதாவது படத்தில் அவள் நின்றுவிட்டாள்.

பண்ணை ஒதுக்கீடு.
போலந்தில் ஒரு கிராமம், பழைய பெயர் அடித்து
மேலே புதுப் பெயர்.
பசு இரண்டு. தையல் இயந்திரம் ஒன்று.
கட்டில், விரிப்புடன்.
சுவர்க் கடிகாரம், ஓடுகிறது.
ஓரத்தில் பென்சிலில்:
முந்தைய உடைமையாளர் ம்ரோஸ், ஆட்கள் ஏழு,
வெளியேற்றிய நேரம் காலை ஐந்து.
பெற்றுக்கொண்டேன் என்பதற்கு எதிரே
கோட்ஹில்ஃப்,
நிதானமாக, மை சிந்தாமல்.

வந்து இறங்கியபோது அடுப்பு சூடாக இருந்ததாம்.
ஆண்டவர் கருணை என்று வீட்டில் சொல்வார்களாம்.
சின்ன வயதில் அதை
தேவதைக் கதை என்றே அவள் நினைத்திருந்தாளாம்.

எங்கள் அலுவலகத்தில் இதற்கும் ஒரு குறியீடு உண்டு.
ஒரே மாதிரிப் பெட்டி, மாற்றி எடுத்துப்போனவர்.
தொலைபேசியில் சொன்னதும் பதறி ஓடி வருவார்கள்,
“ஐயோ, திறக்கவே இல்லைங்க” என்பார்கள்.
அதைச் சொல்ல வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
இது கை மாறியதல்ல.
பெயர்ச்சீட்டைப் படித்துப் பார்த்துத்தான்
கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று மணிக்கு மகள் எழுந்து வந்தாள்.
திரையைப் பார்த்து,
“இது யாரு வீடு?”
மரைக்கே ஜெர்மனில் தொடங்கி
பாதியில் நிறுத்தி
“இன்னும் தெரியல” என்றாள், தமிழில்.

பிறகு தேடல் கட்டத்தில் இருந்த ஷைப்லேயை
ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள்.
ம்ரோஸ் என்று தட்டினாள்.
உறைபனி என்று அர்த்தமாம்.
ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள்.

ஏழு பேர்.
அவர்கள் கையில் எத்தனை பெட்டி என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

நான் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது
அவள் முதல் நூறைத் தாண்டவில்லை.