இருபத்தேழு

கிரிம்ஸ்பி துறைமுகத்தின் பின்தெரு.
வடக்கே காற்றடித்தால் மீன்வாடை மாடியேறி வரும்.
இருபத்திரண்டு முதியவர்கள் உறங்கும் இல்லத்தில்
மருந்தலமாரிச் சாவியை நீட்டியபடி
கெய்னர் சொன்னாள்:
"ஐ ஆம் என்ட்ரஸ்டிங் யூ வித் திஸ்."
யுர்கிதாவின் காதில் விழுந்தது
நடுவிலிருந்த ‘டிரஸ்ட்’ மட்டும்.
நம்புகிறாளாம்.
சரி என்று தலையசைத்தாள்.
சாவியில் பச்சை நூல்,
முன்பு வேலை பார்த்த யாரோ கட்டியது.

இரவு இரண்டு மணி.
சலவை எந்திரம் ஓய்ந்தபின்
கைப்பேசியில் தேடிப் பார்த்தாள்.
வினைச்சொல்.
ஆளை முதலில் சொன்னால் பின்னால் ‘வித்’,
பொருளை முதலில் சொன்னால் ‘டு’.
தமிழில் எப்படிப் புரட்டிப் போட்டாலும்
வேற்றுமை உருபு பார்த்துக்கொள்ளும்.
ஆங்கிலத்தில் அந்தப் பொடிச்சொல் இடம் மாறினால்
அவளைச் சாவியிடம் ஒப்படைத்ததாகிவிடும்.
சில இரவுகளில்
அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அவளுடைய லித்துவேனியனில்
நம்புவதும் ஒப்படைப்பதும் ஒரே சொல்.
ஷவ்லேயிலிருந்து அக்கா
முன்பின் தெரியாத வேன்காரனிடம் கொடுத்தனுப்பும்
புகைபோட்ட இறைச்சியும் கம்புரொட்டியும்
ஐந்து நாடு கடந்து வந்துசேரும்.
ரசீது கிடையாது.
ஒருமுறை ரொட்டியில் ஒரு முனை குறைந்திருந்தது.
பசித்திருப்பான் என்றாள் அக்கா.

ஒன்பதாம் அறை ஸ்டாதர்ஸ்
முப்பது வருடம் இழுவலைப் படகில் இருந்தவர்.
படுக்கப்போகும்போது
இரண்டு காதுக்கருவியையும் கழற்றி
அவள் உள்ளங்கையில் வைப்பார்.
வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம்.
"ஹியர்" என்பார்,
நம் ‘இந்தா’ அளவுக்குத்தான்.
அதன்பின் தீமணி அடித்தாலும்
அவள்தான் அவருக்குக் கேட்டாக வேண்டும்.

பதினோராம் இரவு
மார்ஃபின் மாத்திரை இருபத்தெட்டு இருக்க வேண்டும்.
இருபத்தேழு.
மறுபடி எண்ணினாள். இருபத்தேழு.
டார்ச்சோடு தரையில் படுத்து
அலமாரிக்கு அடியில் துழாவினாள்:
ஒரு பொத்தான், தூசி, யாருடையதோ தலைமுடி.
மேலங்கிப் பைகளை வெளியே இழுத்து உதறினாள்.
பேனா நூலில் தொங்கியது.
ஏழுக்கும் எட்டுக்கும்
ஒரு சுழிதான் வித்தியாசம்.
நேரம் 3:10, எண்ணிக்கை 27,
கையொப்பம்.
கை நடுங்கியதில்
பெயரின் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது.

காலையில் கெய்னர்
கோட்டைக் கழற்றாமலே படித்தாள்.
கதவைச் சாத்திக்கொண்டு போன் பேசினாள்.
நான்கு படிவம். டை கட்டிய ஒருவர்
ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்.
சாவி கை மாறியது.
யுர்கிதா ஆறு நாள் படுக்கைவிரிப்பு மடித்தாள்,
மூலைக்கு மூலை பொருத்தி,
தேவைக்கு மேல் நேர்த்தியாக.

மாத்திரை கிடைக்கவில்லை.
இன்றுவரை கிடைக்கவில்லை.

ஏழாம் நாள் இடைவேளையில்
அவள் தேநீர்க் கோப்பைக்கு அருகில்
பச்சை நூல்.
கெய்னர் வினைச்சொல் எதுவும் சொல்லவில்லை.
"பால் தீர்ந்துபோச்சு" என்றாள்,
சாவியைப் பார்க்காமல்.
போகிறபோக்கில், எழுதிவைத்தாயே என்றாள்.

முதல்முறை கொடுப்பது
ஆள் பற்றாக்குறையாலும் இருக்கலாம்.
பொறுப்பு என்ற நம் சொல்லுக்குள்
‘பொறு’ உட்கார்ந்திருப்பதை
எத்தனை நாளாகப் பார்க்காமலே சொல்லியிருக்கிறேன்.
அகராதிக்காரர் யாராவது
இரண்டாவதாக நீட்டப்பட்ட இந்தச் சாவியை
எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம்.

அன்றிரவு ஒன்பதாம் அறையில்
"ஹியர்" என்றார் ஸ்டாதர்ஸ்,
கண்ணை ஏற்கெனவே மூடிக்கொண்டு.
அவள் விரல்களை மடக்கியதும்
கைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு ஊளை.
அணைக்க மறந்திருக்கிறார்.
அவருக்குக் கேட்கவில்லை.
நடைவழி வரை அதைப் பொத்திக்கொண்டு வந்து
வெளிச்சத்தில் நின்று
நகத்தால் பேட்டரிக் கதவைத் திறந்தாள்,
முதலில் சிவப்பு,
பிறகு நீலம்.