உற்பத்தி நாடு

நைஃப் சாலை, மொத்தக் கடை.
ஏசி முனகும் மாடியில் என் மேசை.
எட்டு வருடமாக நான் எழுதுவது
துணியைப் பற்றியல்ல,
துணியின் எடையைப் பற்றி.
பேல் எண், மீட்டர், கிலோ.
உற்பத்தி நாடு: சீனா.
சேருமிடம்: தார் எஸ் சலாம்.
இரண்டையும் விரல் தானாக அடிக்கும்.

கபுலா முவான்சாக்காரி.
வருடத்தில் மூன்று முறை வந்து
லால்வானி சேட்டிடம்
ஃபில்ஸ் கணக்கில் சண்டை போடுவாள்.
இந்த முறை பேலைப் பிரித்தவள்
சட்டென்று சிரித்துவிட்டாள்.

அவள் ஊர்ப் பெண்கள் உடுத்தும் காங்காவில்
கரையோரம் ஒரு வாசகம் இருக்கும்.
மாமியாரிடமும் ஓரகத்தியிடமும்
வாய் சொல்லத் தயங்குவதை
இடுப்பு சொல்லிவிடும்.
'என் பிள்ளை தூங்குகிறது, மெல்லப் பேசு'
என்றுதான் அச்சடிக்கக் கொடுத்திருந்தாள்.
அந்த மொழி தெரியாத ஆலையில்
ஓர் எழுத்து உதிர்ந்து
ம்டோட்டோ, மோட்டோவாகி,
'என் நெருப்பு தூங்குகிறது, மெல்லப் பேசு'
என்றன நாலாயிரம் துணியும்.

"இதை யார் உடுத்துவார்கள்?"
சேட் தலையில் கைவைத்தார்.
"பிள்ளை இல்லாதவள் உடுத்துவாள்.
பெற்றவளும்தான்.
நாற்பது சதவீதம் கழியுங்கள்.
எங்கள் பஞ்சு கப்பலேறிப் போய்
எழுத்துப் பிழையோடு திரும்புகிறது, நாற்பது."

பிறகு கைப்பையிலிருந்து
இரண்டு மீட்டர் எடுத்து விரித்தாள்.
பழுப்பு வெள்ளை. கொஞ்சம் முரடு.
ஷின்யாங்காவில் விளைந்த பஞ்சு,
அவள் தங்கை கொட்டகையில் ஒன்பது தறி.
"இதை என்ன விலைக்கு எடுப்பீர்கள்?"

சேட் விரலால் நெருடினார்.
நல்ல துணி. அதை அவர் சொல்லவில்லை.
என் பக்கம் தள்ளினார்.

கால்குலேட்டரில் போட்டேன்.
நூல், கூலி,
நாளுக்கு நான்கு முறை போகும் மின்சாரம்,
அதற்கு டீசல்,
வெளியிலிருந்தே வரவேண்டிய சாயம்,
துறைமுகம் வரை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் லாரி,
வங்கி கேட்கும் வட்டி –
அதை மட்டும் இரண்டு தரம் அழித்துப் போட்டேன்,
நான்தான் தப்பாக அடித்தேனோ என்று.
இல்லை.
கடல் தாண்டி வருவதைவிட
பக்கத்துத் தெருவில் நெய்தது ஒன்றரை மடங்கு.

"எதில் குறைக்கலாம்?"
சேட்டைப் பார்க்காமல் என்னைக் கேட்டாள்.
இந்த மேசையில் என்னிடம் எல்லோரும்
பில்தான் கேட்டிருக்கிறார்கள்.
டீசலில், என்றேன்.

கழிவில் மிஞ்சியதைத் தனியே எண்ணி முடிந்துகொண்டு
அடுத்த தெருவுக்குப் போனாள்,
சோலார் பலகை விலை கேட்க.
மஸ்கட்டில் பை தைக்கும் ஒருவனுக்கு
அனுப்பிப் பார்க்கலாம் என்றார் சேட்,
வாக்குறுதி போலவும் இல்லை,
மறுப்பு போலவும் இல்லை.

சாயங்காலம் அந்த மாதிரித் துணிக்குச் சீட்டு அடித்தேன்.
அளவு: இரண்டு மீட்டர். விலை: இல்லை.
உற்பத்தி நாடு:
விரல் 'சீ' வரை போய்விட்டது.
அழித்தேன்.
சேருமிடமாக மட்டுமே தெரிந்த பெயரை
எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தேன்,
தான்சானியா,
ஒன்றும் உதிரவில்லையே என்று
மறுபடி படித்தேன்.

கீழே, நெருப்பு தூங்கும் பேல்களை
லாரிக்குள் எறிந்துகொண்டிருந்தார்கள்.
ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
மெல்ல!