யானைமலைக்குப் பின்னால்

நரசிங்கம் தாண்டி
கல் நட்டு மனை பிரித்த பொட்டலில்
நாலாவது வீடு எங்களுடையது.
மதுரைக்கும் எனக்கும் நடுவே
யானைமலை படுத்திருக்கிறது.
ரேடியோவைத் திருகினால்
வடைச்சட்டிச் சத்தம்.
அதற்கடியில் யாரோ ஒருவர்
மானாவாரிப் பருத்திக்கு மருந்து சொல்வார்.
எத்தனை மில்லி என்பது மட்டும்
பொரிந்துபோகும்.

போனில் கேளேன் என்பாள் மகள் செல்வமீனா.
நாளுக்கு ஒன்றரை ஜிபி;
மத்தியானத்துக்குள் அவளே தீர்த்துவிடுவாள்.

"மலைதான் மறிக்குது" என்றேன்.
"அந்தக் கல்லு ஒங்களுக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?"
டவுன்ஹால் ரோட்டு முத்திருளாண்டி
பெட்டியைத் திறக்கக்கூட இல்லை.
மேசைமேல் வைத்து மெல்லத் திருப்பினார்.
"உள்ள ஒரு கரிக்குச்சி இருக்கு.
விலாவைக் காட்டுனா கேக்கும்,
முனையைக் காட்டுனா செவுடு."

அவர் சொன்னபடி
உடைந்த கேரம் போர்டின் சட்டத்தில்
மோட்டார் காயில் கம்பி, பன்னிரண்டு சுற்று.
பாபினில் நூல் சுற்றும் கைக்கு
அது ஒரு வேலையா?
முனைகளை ஒரு பழைய கேங் கண்டன்சரில் பற்றவைத்துத் தந்தார்.
ரேடியோவோடு இணைக்க வேண்டாமாம்,
பக்கத்தில் நிறுத்தினால் போதுமாம்.
நிறுத்தித் திருகினேன்.
குரல் எழுந்தது.
சட்டியும் கூடவே எழுந்தது.

வியாழக்கிழமை கரண்ட் போனது.
மெஷின் நின்றது, தெரு நின்றது,
பேட்டரியில் ரேடியோ மட்டும்.
பருத்திக்காரர்
என் கட்டிங் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல்.
அவர் தாள் புரட்டியதுகூடக் கேட்டது.

கரண்ட் வந்ததும் சட்டி வந்தது.
ஓடி ஓடி அணைத்தேன்.
டியூப்லைட், இல்லை.
பிரிட்ஜ், இல்லை.
போன் சார்ஜர், கொஞ்சம் போல.
கதவுக்குப் பின்னால்
சிவப்புக் கண் மினுக்கிக்கொண்டு
சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது
கொசு பேட்.
பிடுங்கினேன்.

பத்து மாசமாக
யானையைத் திட்டியிருக்கிறேன்.

இப்போது ஏழு மணிக்கு
கொசு கணுக்காலில் உட்காருகிறது.
உட்காரட்டும்.
லிட்டருக்கு இரண்டு மில்லி என்கிறார்,
வெயில் தாழ்ந்தபின் தெளிக்க வேண்டுமாம்.
எனக்குப் பருத்தி இல்லை,
ஒரு செண்ட் காடு இல்லை.
ஆனாலும் எழுதிக்கொண்டேன்,
அளவு நோட்டில்,
ஜன்னத்தின் தோள் பதினாலரைக்குக் கீழே.